திருச்சி – சிட்னி: வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள்

சிட்னியில் வந்து இறங்கிய வாரமே ஊரிலிருந்து போன் வரும். "ஏம்ப்பா, எத்தனை மணி நேரம் பறந்தே?" பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது: "நாங்க எப்ப வரலாம்?" ஆக, அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடும் வேலை சீக்கிரமே உங்கள் தலையில் விழும்.

திருச்சிக்கும் சிட்னிக்கும் நேர்கோட்டில் சுமார் 9,100 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூர் வழியாக வந்தால் முதலில் 3,000, அப்புறம் 6,300. சுற்று வெறும் 200 கிலோமீட்டர்தான். மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் போய்த் தஞ்சாவூர் போகிறவர்கள், போகும் தூரத்தோடு ஒப்பிட்டால், இதைவிட அதிகம் சுற்றுகிறார்கள். துபாய் வழி டிக்கெட் சில நாள் மலிவாகக் கண்ணில் படும். மேற்கே 3,000 கிலோமீட்டர் போய், அங்கிருந்து 12,000 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். அந்த இரண்டாவது விமானம் மட்டுமே ஏறக்குறைய 14 மணி நேரம். முழங்கால் வலிக்காரர்களுக்கு வேண்டாம் என்பேன்.

சிங்கப்பூர் வழியில் பறக்கும் நேரம் 4 மணியும் 7¾ மணியும். மொத்தம் 12 மணி நேரம்கூட இல்லை. ஆனால் மன்னார்குடியில் மாலை 6 மணிக்குக் காரில் ஏறுகிறார்கள் என்று வையுங்கள். திருச்சியில் நள்ளிரவு 12.30-க்கு விமானம். சிங்கப்பூரில் காலை 7 மணி, அங்கே மூன்று மணி நேரக் காத்திருப்பு. சிட்னியில் இறங்கும்போது இரவு 7.45, ஊரில் அப்போது பிற்பகல் 3.15. பெட்டி எடுத்து, சோதனை முடித்து வெளியே வருவதற்குள் 22 மணி நேரம் தாண்டிவிடும். பெட்டியில் வடகம், ஊறுகாய், பொடி எது இருந்தாலும் வருகை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் அதிகபட்சம் பொருள் குப்பைக்குப் போகும், எழுதாவிட்டால் அபராதம்.

இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். நான் முதல் தடவை காசு மிச்சம் என்று தனித்தனியாகப் போட்டுவிட்டேன். திருச்சியில் பெட்டியைச் சிட்னி வரை அனுப்ப முடியாது என்றார்கள். சிங்கப்பூருக்குள் நுழைந்து பெட்டியை எடுத்துத் திரும்பப் போட இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா விவகாரம் வேறு. கவுண்டரில் நின்று வேர்த்துக் கொட்டியது எனக்குத்தான் தெரியும்.

பொங்கலுக்கு ஊர் போக நினைப்பவர்கள் ஆடி ஆவணியிலேயே டிக்கெட் பார்த்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரி இங்கே கோடைப் பள்ளி விடுமுறை, விலை ஏறிவிடும். சிட்னியிலிருந்து சிங்கப்பூர் போகும்போது மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று எதிர்ப்படுவதால், வந்ததைவிட அரை மணி நேரம் போலக் கூடுதலாகும்.

போன் பேசும் நேரம்தான் பலருக்கும் குழம்புகிறது. சாதாரண நாளில் நாம் நாலரை மணி நேரம் முன்னால். அக்டோபர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுவார்கள்; ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஐந்தரை. அந்த மாதங்களில் இங்கே இரவு 7 மணிக்குக் கூப்பிட்டால் அங்கே மதியம் 1.30. அம்மா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம், ஒன்பதுக்குக் கூப்பிடுங்கள்.