என்சோரோட 'கதீட்ரல்' பாக்கும்போது பண்ணக்கூடாத தப்புங்க

பெல்ஜிய ஓவியர் ஜேம்ஸ் என்சோர் 1886ல பண்ண 'கதீட்ரல்' (பெரிய சர்ச்) எச்சிங்க, அதாவது உலோகத் தகட்டுல கீறி தாள்ல அச்செடுத்த படத்த, பாத்தவுடனே நம்ம கண்ணு நேரா கோபுரத்துக்குத்தான் போகுது, அங்கயே நின்னும் போயிடுது. பெரிய தப்பே இதுதான். கீழ இருந்து ஆரம்பிங்க. முன்னாடி முண்டியடிச்சுட்டு நிக்குற கூட்டத்துல கார்னிவல் முகமூடிங்க தெரியும், பெல்ஜியத்துல ஓஸ்டெண்டுன்னு கடற்கரை ஊர், அங்க என்சோரோட குடும்பக் கடையில கிளிஞ்சலோட இந்த முகமூடியும்தான் விப்பாங்க, சின்ன வயசுலருந்தே அதுக்கு நடுவுல வளந்தவர் அவர். கூட்டத்துக்குப் பின்னாடி சிப்பாய்ங்க வரிசை வரிசையா நிக்கிறாங்க, போகப் போக தலையெல்லாம் வெறும் புள்ளியாயிடுது. இப்ப மேல பாருங்க, கோபுரத்துக் கல்லும் அதே மாதிரி பொடிப்பொடி கோட்டாலதான் ஆனது, அவ்ளோ பெரிய கட்டடம் காத்துல நடுங்குற மாதிரி இருக்கும். கூட்டத்த விட்டுட்டு பாத்தா இது சும்மா ஒரு சர்ச் படம்தாங்க.

அடுத்து, இத பேனா டிராயிங்னு சொல்லாதீங்க. உலோகத் தகடு மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு பூசி, ஊசியால கீறி, ஆசிட்ல போட்டா கீறின இடத்த மட்டும் ஆசிட் அரிக்கும், அந்தப் பள்ளத்துல மை தேச்சு, மேல இருக்குற மைய துடைச்சுட்டு, ஈரத்தாள வெச்சு பிரஸ்ல அழுத்தி எடுப்பாங்க. படம் இடம் வலமா மாறித்தான் விழும், அதனால தகட்டுல எழுதுற எழுத்த இடம் வலமா மாத்தி, கண்ணாடியில தெரியுற மாதிரி எழுதணும்.

1919ல லயோனல் ஃபைனிங்கர்னு இன்னொரு ஓவியர் பண்ண, பௌஹவுஸ்ங்கிற ஜெர்மன் கலைப் பள்ளியோட அறிக்கையில வந்த கதீட்ரலையும் இதையும் போட்டு குழப்பிக்குறாங்க. அது மரத்துல செதுக்கினது, அங்க மேடு மை எடுக்கும், இங்க பள்ளம். கோடு ஏன் அங்க தடியா வெட்டினாப்ல இருக்கு, இங்க முடி மாதிரி இருக்குன்னு இதுலயே புரிஞ்சிடும்.

வருஷம் 1896ன்னு எங்கயாவது பாத்தா தப்புன்னு சண்டைக்குப் போகாதீங்க, அப்ப ரெண்டாவதா ஒரு தகடு பண்ணியிருக்கார். கலர்ல இருந்தா போலின்னும் உடனே முடிவு பண்ணாதீங்க, தன்னோட எச்சிங் பிரதிங்க சிலதுக்கு அவரே கையால வண்ணம் தீட்டியிருக்கார்.

கடைசியா சைஸ். இது சுவத்த அடைக்கிற படம் இல்ல, தகட்டோட உயரமே சுமார் 25 செ.மீ தான், ஏ4 தாள விட சின்னது. போன்ல பாக்குறதா இருந்தா நல்ல ரெசல்யூஷன் படமா தேடி, கீழ் ஓரத்துல ஒரே ஒரு முகத்த பிடிச்சு பெருசாக்கி, அங்கருந்து மெதுவா மேல போங்க.