வேர்ப்பட்டை, தண்டுப்பட்டை: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேப்பமரத்தின் வேர்ப்பட்டையையும் தண்டுப்பட்டையையும் நுண்ணோக்கியில் ஒப்பிடச் சொன்னால், அடிமரத்தில் ஒரு சில்லும் தோண்டியதும் கைக்குக் கிடைத்த சுண்டுவிரல் பருமன் வேரும் எடுத்துக்கொண்டு உட்காருபவர்கள்தான் அதிகம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒன்று பல வருஷத்துப் பட்டை, மற்றது இளசு. தெரியும் வித்தியாசம் வயதால் வந்ததா, உறுப்பால் வந்ததா என்று அப்புறம் பிரிக்கவே முடியாது. ஒரே மரத்தில், ஏறக்குறைய ஒரே பருமனுள்ள கிளையையும் வேரையும் ஒரே நாளில் வெட்டுங்கள். தரசத்தின் (மாவுச்சத்தின்) அளவு பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் நாளும் முக்கியம்.

வயதை மறந்தால் புறணியில் (புறத்தோலுக்கு அடுத்து உள்ளே இருக்கும் திசுவில்) வசமாக மாட்டிக்கொள்வோம். இளந்தண்டில் தக்கைக் கேம்பியம் (தக்கையை உருவாக்கும் செல் அடுக்கு) பெரும்பாலும் புறத்தோலை ஒட்டி உருவாவதால் புறணி உள்ளே தங்கிவிடும். வேரிலோ அது பெரிசைக்கிளில், அதாவது புறணியின் உள் எல்லையான அகத்தோலுக்கு அடுத்து உள்ளே இருக்கும் அடுக்கில், உருவாகும். அதற்கு வெளியே இருக்கும் அகத்தோலும் புறணியும் உரிந்துபோகும். சரி, புறணி இல்லாவிட்டால் வேர் என்று எழுதிவிடலாமா? கூடாது. முதிர்ந்த அடிமரத்தில் புதுப்புதுத் தக்கைக் கேம்பியங்கள் உள்ளே தள்ளித் தள்ளி, கடைசியில் உணவு கடத்தும் திசுவான புளோயத்திலேயே உருவாகும். அங்கேயும் புறணி மிஞ்சாது. இன்னொன்று: முதிர்ந்த வேரில் தக்கைக்கு உள்ளே தெரியும் பாரன்கைமாவுக்கு (மெல்லிய சுவருள்ள சாதாரண செல்களுக்கு) ‘புறணி’ என்று பெயர் குறிப்பது. படத்தில் பளிச்சென்று இருக்கும், ஆனால் அது தக்கைக் கேம்பியம் உள்பக்கமாக உண்டாக்கும் பெல்லோடெர்மாகவோ புளோயமாகவோதான் இருக்கும்.

நிறத்தையும் தடிமனையும் நான் சாட்சியாகவே எடுப்பதில்லை. மண்ணுக்கு வெளியே கிடக்கும் வேர் தண்டைப் போலவே கரடுதட்டிவிடும்.

வேர்ப்பட்டையைச் சரியாகக் கழுவாவிட்டால் வேறொரு வம்பு. ஒட்டியிருக்கும் மணல் பிளேடின் முனையைக் கெடுப்பதோடு, முனைவுற்ற ஒளியில் பட்டையின் செல்களில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகம் மாதிரியே மின்னும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் படிகம் கரையும், மணல் அப்படியே கிடக்கும். இதே அமிலம் எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். செல்சுவரைக் கெட்டியாக்கும் லிக்னினைப் பார்க்க ஃபுளோரோகுளூசினால் என்ற வினைபொருளோடு இந்த அமிலத்தையும் விட்டு, நார்கள் சிவந்ததும், அதே ஸ்லைடில் படிகம் தேடி ‘இல்லை’ என்று குறித்துக்கொள்வார்கள். கரைந்துபோனது எப்படித் தெரியும்? படிகத்துக்குச் சாயமேற்றாத தனி ஸ்லைடு வேண்டும்.

பட்டையை மட்டும் உரித்து எடுத்து வருவதையும் விடுங்கள். கிளையையும் வேரையும் முழு வட்டமாக அறுத்தால், நடுவில் பித் (தண்டின் மையத்து மென்திசு; வேரில் பெரும்பாலும் இருக்காது) இருக்கிறதா என்று பார்த்தே பெரும்பாலும் எது எதுவென்று சொல்லிவிடலாம். உரித்த பட்டைகளின் சீட்டு மாறிப்போனால் அந்த வசதி கிடையாது.