கிராபிக்ஸ் கார்டு வாங்குமுன்: பெட்டியின் மேல் இருக்கும் இரண்டு பெயர்கள்

நடுத்தர விலையில் கிராபிக்ஸ் கார்டு வாங்க வருபவர் கடையில் முதலில் கேட்பது ‘எந்த பிராண்டு நல்லது?’ என்பதுதான். அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெட்டியின் மேல் எப்போதும் இரண்டு நிறுவனங்களின் பெயர்கள் இருக்கும். முதலாவது, சில்லை வடிவமைத்த நிறுவனம்: என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகிய மூன்றில் ஒன்று. இரண்டாவது, அந்தச் சில்லை வாங்கிப் பலகையில் பொருத்தி, வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்கும் மின்விசிறியும் வைத்து விற்கும் நிறுவனம்: ஆசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட், ஸோடாக், சஃபையர் போன்றவை. கணினி விளையாட்டு எவ்வளவு வேகமாக ஓடும் என்பது முதல் பெயரைப் பொறுத்தது. கார்டு எவ்வளவு இரையும், பழுதானால் யாரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும் என்பது இரண்டாம் பெயரைப் பொறுத்தது. சஃபையர், பவர்கலர், எக்ஸ்எஃப்எக்ஸ் ஆகியவை ஏஎம்டி கார்டுகளையும், ஸோடாக், கேலக்ஸ், இன்னோ3டி ஆகியவை என்விடியா கார்டுகளையும் விற்கின்றன. ஆசுஸும் கிகாபைட்டும் இரண்டையும் விற்கின்றன. ஆகவே ‘ஸோடாக்கா, சஃபையரா’ என்று குழம்புபவர் உண்மையில் என்விடியாவா, ஏஎம்டியா என்றுதான் குழம்புகிறார்.

இந்த இரண்டு பெயர்களுக்கும் முன்பாக மேசைமேல் இருக்கும் மானிட்டரைப் பார்க்க வேண்டும். 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன; 1440பி திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 83 லட்சம். பிரேம் எனப்படும் ஒவ்வொரு படத்துக்கும் கார்டு வரைய வேண்டியது இத்தனை புள்ளிகளை என்பதால், 1080பி திரையில் சுகமாக ஓடும் கார்டு 1440பிக்குப் போனதும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு வேலையைச் சுமக்கிறது. வேலோரன்ட், கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளை மட்டும் 1080பி திரையில் ஆடுபவருக்குப் பெரும்பாலும் தடையாக இருப்பது பிராசசர்தான். அவர் கார்டுக்காக ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைப் பிராசசருக்குத் திருப்பினால் கூடுதல் பலன் கிடைக்கும்.

அடுத்து வருவது வி-ரேம் எனப்படும் கார்டின் சொந்த நினைவகம். நடுத்தர விலைப் பிரிவில் பிராண்டைவிட முக்கியமான முடிவு இதுதான் என்பது என் கருத்து. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 2025 ஏப்ரலிலும், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி அதே ஆண்டு ஜூனிலும் வெளிவந்தன. இரண்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு அளவுகளில், ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. நடுவில் 12 ஜிபி ஏன் இல்லை என்று கேட்கலாம். இந்தக் கார்டுகளில் சில்லுக்கும் நினைவகத்துக்கும் இடையிலான பாதை 128 பிட் அகலம் கொண்டது; ஒரு நினைவகச் சில்லுக்கு 32 பிட் வேண்டும் என்பதால் நான்கு சில்லுகளுக்குத்தான் இடம் உண்டு. ஒவ்வொன்றும் 2 ஜிபி என்றால் மொத்தம் 8 ஜிபி. அதைக் கூட்ட வேண்டுமானால் பலகையின் பின்புறத்திலும் நான்கைப் பொருத்தி ஒரேயடியாக 16 ஆக்குகிறார்கள். இன்டெலின் ஆர்க் பி580 கார்டில் பாதை 192 பிட் என்பதால் ஆறு சில்லுகளும் 12 ஜிபியும் கிடைக்கின்றன.

8 ஜிபி போதாமல் போவது எப்படி இருக்கும் என்பதை வீட்டிலேயே காணலாம். இப்போதுள்ள கணினியில் ஒரு புதிய விளையாட்டை அரை மணி நேரம் ஆடிவிட்டு, அதை மூடாமலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியு (கிராபிக்ஸ் சில்லு) பக்கத்துக்குச் செல்லுங்கள். அங்கே கார்டின் சொந்த நினைவகம் ஒரு வரைபடமாகவும், கணினியின் ரேமிலிருந்து கடன் வாங்கிய நினைவகம் இன்னொரு வரைபடமாகவும் தெரியும். முதல் வரைபடம் உச்சியைத் தொட்டு நேர்கோடாகப் படுத்திருக்க, இரண்டாவது மெல்ல ஏறிக்கொண்டிருந்தால் வி-ரேம் நிரம்பி வழிகிறது என்று பொருள். திரையில் அது சுவரின் செங்கல் களிமண் பூசியதுபோல் மங்கித் தெரிவதாகவும், திரும்பும்போதெல்லாம் படம் ஒரு நொடி திக்குவதாகவும் வெளிப்படும். நொடிக்கு எத்தனை பிரேம் என்ற சராசரி மட்டும் 70 என்று நல்லபடியாகவே காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே விமர்சனங்களைப் படிக்கும்போது சராசரியோடு நிறுத்திக்கொள்ளாமல், மிக மெதுவான ஒரு சதவீதப் பிரேம்களைக் குறிக்கும் ‘1 சதவீத லோ’ எண்ணையும் பார்க்க வேண்டும். நான்கைந்து ஆண்டுகள் வைத்திருக்கும் எண்ணத்துடன் புதிய பெரிய விளையாட்டுகளை ஆடப்போகிறவருக்கு 8 ஜிபி கார்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த நிறுவனத்தின் 16 ஜிபி கார்டும் மற்ற நிறுவனத்தின் 8 ஜிபி கார்டைவிட அவருக்கு நீண்ட காலம் உழைக்கும்.

இனி நிறுவனங்களின் போட்டிக்கு வருவோம். வெளியீட்டின்போது அறிவிக்கப்பட்ட விலை, ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபிக்கு 429 டாலர், ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபிக்கு 349 டாலர், ஆர்க் பி580க்கு 249 டாலர். முதல் இரண்டுக்கும் இடைவெளி 80 டாலர், அதாவது ஏறத்தாழ 23 சதவீதம். சாதாரண முறையில் வரையப்படும் விளையாட்டுகளில் இந்த இரண்டின் வேகத்தில் அவ்வளவு இடைவெளி இல்லை. என்விடியா கார்டு சில சதவீதம் முந்தும், சில விளையாட்டுகளில் ஏஎம்டி முந்தும். ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்கை இயக்கினால் என்விடியாவின் முன்னிலை கூடுகிறது. சைபர்பங்க் 2077 போன்ற விளையாட்டுகளில் உள்ள, அதன் இன்னும் கனமான வடிவமான பாத் டிரேசிங் முறையில் நன்றாகவே கூடுகிறது. ஆனால் பாத் டிரேசிங்கை இந்த விலைப் பிரிவுக் கார்டில் இயக்கிவிட்டு நிம்மதியாக ஆடுவது எளிதன்று. இரண்டுக்கும் இடையே கடை விலையில் 10 சதவீதத்துக்குள்தான் வித்தியாசம் என்றால் நான் என்விடியாவை எடுப்பேன். 20 சதவீதத்தைத் தாண்டினால் ஏஎம்டியை எடுத்து, மிச்சத்தை எஸ்எஸ்டிக்கோ மானிட்டருக்கோ வைத்துக்கொள்வேன்.

டாலர் விலையை ரூபாய்க்கு மாற்றிக் கடைக்காரரிடம் வாதிடுவதில் பயனில்லை. அமெரிக்க விலையில் விற்பனை வரி சேராது. இந்தியாவில் 18 சதவீத ஜிஎஸ்டி விலையிலேயே சேர்ந்திருக்கும். போதாததற்கு, 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலையும் ஏறத் தொடங்கியது. அந்தந்த வாரத்துக் கடை விலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதே சரியான கணக்கு.

என்விடியாவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி மென்பொருளுக்குப் போகிறது. குறைந்த அளவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கும் டிஎல்எஸ்எஸ், மிகப் பல விளையாட்டுகளில் கிடைக்கிறது. ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர், நான்காம் பதிப்பில்தான் படத் தரத்தில் அதை நெருங்கியது. 2025இல் வந்த அந்தப் பதிப்பு ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கென வெளியிடப்பட்டது என்பதால், மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஆர்எக்ஸ் 7600 அல்லது 6000 வரிசைக் கார்டை வாங்குபவர் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். நீங்கள் ஆடும் ஐந்து விளையாட்டுகளின் பெயரை எழுதி, ஒவ்வொன்றும் எந்த நுட்பத்தை ஆதரிக்கிறது என்று தேடிப் பாருங்கள். பொதுவான பட்டியலைவிட உங்கள் பட்டியல்தான் பேசும்.

பிரேம் ஜெனரேஷன் பற்றி மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகள், வரையப்பட்ட ஒவ்வொரு பிரேமுக்கும் மூன்று பிரேம்களைக்கூட இடையில் செருகவல்லவை. 30 பிரேமில் ஓடும் விளையாட்டு அப்போது திரையில் 120 என்று காட்டும். ஆனால் மவுஸை அசைத்தால் கதாபாத்திரம் திரும்புவதற்கு எடுக்கும் நேரம் 30 பிரேமுக்குரியதாகவோ அதைவிடச் சற்று மோசமாகவோதான் இருக்கும். விளம்பர வரைபடங்களில் உயர்ந்து நிற்கும் பட்டைகளுக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு நம்புங்கள்.

கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கு ஆதரவு எத்தனை ஆண்டுகள் நீடிக்கும் என்பதை வாங்கும்போது பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060க்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபர் வரை, ஒன்பது ஆண்டுகள் கொடுத்தது. அதே மாதத்தில் ஏஎம்டி, 2019, 2020ஆம் ஆண்டுகளில் அறிமுகமான ஆர்எக்ஸ் 5000, 6000 வரிசைகளைத் தனிப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு, விளையாட்டுகளுக்கான மேம்பாடுகள் தொடரும் என்று விளக்கம் தந்தது. தனிக் கார்டுகளில் இன்டெலின் வரலாறு குறுகியது. 2022இல் ஆர்க் ஏ770 வந்தபோது பழைய விளையாட்டுகளில் தடுமாறிய டிரைவர்கள் இப்போது வெகுவாகத் தேறிவிட்டன. முப்பரிமாணப் படங்களுக்கான பிளெண்டர் மென்பொருளில் வேலை செய்பவரும், வீட்டுக் கணினியில் ஏஐ மாடல்களை இயக்கிப் பழகும் மாணவரும் குடா (என்விடியாவின் கணக்கீட்டு மென்பொருள்) ஆதரவுக்காக என்விடியாவிடம் போவதே நல்லது. அங்கே ஒப்பீட்டுக்கு அதிக இடமில்லை.

பழைய கணினியில் புதிய கார்டைச் செருகுபவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐயும் ஆர்க் பி580யும் கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதையில் எட்டு வழித்தடங்களை மட்டுமே பயன்படுத்துகின்றன. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி பதினாறையும் பயன்படுத்துகிறது. மதர்போர்டு பி450 போன்ற மூன்றாம் தலைமுறைப் பிசிஐஇ கொண்டதாக இருந்தால் எட்டு வழித்தடம் குறுகலாகிவிடும். குறிப்பாக 8 ஜிபி கார்டு நிரம்பி ரேமிடம் கடன் வாங்கும் நேரத்தில் அந்தக் குறுகல் அப்பட்டமாகத் தெரியும். பி580 வாங்க நினைப்பவர் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில், பிராசசர் வி-ரேம் முழுவதையும் ஒரேயடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் வசதி இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். அது இல்லாமல் ஆர்க் கார்டுகள் வேகத்தைப் பெருமளவு இழக்கின்றன. ரைசன் 5 2600 போன்ற பழைய பிராசசரோடு இணைத்தபோது பி580 எதிர்பார்த்த வேகத்தைத் தரவில்லை என்பதும் 2025 தொடக்கத்தில் வந்த சோதனைகளில் வெளிப்பட்டது.

மின்சாரச் செலவைப் பெரிதாக எண்ண வேண்டாம். 5060 டிஐயின் அளவு 180 வாட், 9060 எக்ஸ்டி 16 ஜிபியின் அளவு 160 வாட். தினமும் மூன்று மணி நேரம் ஆடினாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 22 யூனிட்தான் வித்தியாசம். கவலைப்பட வேண்டியது கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி பற்றி. கேபினட்டோடு இலவசமாக வந்த, பெயர் தெரியாத ‘500 வாட்’ பெட்டியை நம்பி முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய்க் கார்டை மாட்டக்கூடாது. மின்திறனுக்கான ‘80 பிளஸ் பிரான்ஸ்’ (Bronze) சான்றுள்ள, தெரிந்த நிறுவனத்தின் 550 முதல் 650 வாட் எஸ்எம்பிஎஸ் இந்த வகைக் கார்டுகளுக்குப் போதும். வாங்கும் முன் கேபினட்டைத் திறந்து, பின் தகட்டிலிருந்து முன் மின்விசிறி வரை அளவுநாடாவால் அளந்து, கார்டின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். சித்திரை மாத மதியத்தில் ஏசி இல்லாத அறை 36 டிகிரியைத் தொடும்போது, குளிர்நாடுகளில் 22 டிகிரி அறையில் எடுத்த வெப்ப அளவுகளோடு பத்துப் பன்னிரண்டு டிகிரியைக் கூட்டித்தான் படிக்க வேண்டும்.

இப்போதுதான் பெட்டியின் இரண்டாம் பெயர். ஒரே சில்லை வைத்து ஒரே நிறுவனம் மூன்று நான்கு மாடல்களை விற்கும். சஃபையரில் பல்ஸ் எளிய மாடல், நைட்ரோ பிளஸ் உயர்ந்த மாடல். எம்எஸ்ஐயில் வென்டஸ் எளியது, கேமிங் டிரையோ உயர்ந்தது. உயர்ந்த மாடலில் கூடுதல் வேகம் பெரும்பாலும் ஓரிரு சதவீதமே. பணம் போவது பெரிய ஹீட்சிங்குக்கும் மூன்றாவது மின்விசிறிக்கும் வண்ண விளக்குகளுக்கும். 160, 180 வாட் கார்டுக்கு ஒழுங்காகச் செய்த இரண்டு மின்விசிறி மாடலே போதுமானது. 5060 டிஐயின் ஆடம்பர மாடல் ஒன்றின் விலை, அடுத்த படியில் இருக்கும் 5070இன் எளிய மாடலை நெருங்கினால், 12 ஜிபி போதுமா என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டு மேலே ஏறிவிடலாம்.

ஆகையால் இந்த இடத்தில் வாரன்டிக்குத்தான் முதலிடம் கொடுக்கிறேன். எத்தனை ஆண்டுகள், பதிவுசெய்தால் நீட்டிப்பு உண்டா, சேவை மையம் உங்கள் ஊரில் இருக்கிறதா அல்லது கூரியரில் அனுப்ப வேண்டுமா, வாரன்டி பில்லின் பெயரிலா சீரியல் எண்ணின் பெயரிலா என்பதைக் கடையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து தனியாகக் கொண்டுவரப்பட்ட கார்டு சில ஆயிரம் மலிவாக இருக்கலாம். அதற்கு இங்கே சேவை கிடைக்குமா என்று கேட்டால் பதில் மழுப்பலாக வரும். பில்லில் ‘5060 டிஐ’ என்று மட்டும் எழுதவிடாமல் 16 ஜிபி என்பதையும் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். பெட்டியைக் கடையிலேயே திறந்து, எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பழைய டிரைவரை முழுமையாக நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுங்கள். திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் கனமான விளையாட்டொன்றை இரண்டு மணி நேரம் ஓட்டி வெப்பத்தையும் இரைச்சலையும் கவனியுங்கள். விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாற்றும்) மானிட்டர் 60இல் நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். என் அண்ணன் மகன் புதுக் கார்டு மாட்டிய முதல் வாரத்தில் ‘சித்தப்பா, பழைய கணினி மாதிரியே திக்குது, கார்டு டூப்ளிகேட்டா இருக்குமோ’ என்று தொலைபேசியில் அழாக்குறையாகச் சொன்னான். கடைக்குப் போவதற்கு முன் கேபினட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிள் மேலே மதர்போர்டின் துளையில் செருகியிருந்தது. நான்கு துளைகளோடு புதுக் கார்டு கீழே சும்மா இருந்தது. கேபிளை ஒரு சாண் கீழே இறக்கிச் செருகியதும் அதே விளையாட்டு 24 பிரேமிலிருந்து 110க்குப் போனது.