குளிர் விரிவாக்கம் செய்த துளையில் எஞ்சிய தகைவு: வயர் கட் இயந்திரத்தில் வெட்டி அளப்பது எப்படி?

விமானத் தகடுகளில் துளையோரம் விரிசல் வளராமலிருக்க, பிளவுள்ள ஸ்லீவ் (மெல்லிய உறை) வழியே பருத்த மாண்ட்ரலை (கூம்பிய தண்டை) இழுத்துத் துளையைச் சுமார் 4% விரிப்பார்கள். இதுதான் குளிர் விரிவாக்கம். விரிந்த விளிம்பைச் சுற்றியுள்ள உலோகம் திரும்ப நெருக்கும். அப்படி உலோகத்துக்குள் தங்கிவிடும் அமுக்கத் தகைவு (அழுத்தம்) உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்பதை எக்ஸ்-கதிர் சொல்லாது. அலுமினியத்தில் அது சில பத்து மைக்ரானோடு நின்றுவிடும். முழுக் குறுக்குவெட்டும் வேண்டுமென்றால் காண்டூர் முறை நல்ல வழி: துண்டை வெட்டி, வெட்டுமுகத்தின் மேடுபள்ளத்தை அளந்து, அதிலிருந்து தகைவைக் கணக்கிடுவது. மோல்டு, டை செய்யும் வேலை நடக்கும் பினாங்கின் பாயான் லெப்பாஸ், பிறை பக்கம் அதற்கான வயர் கட் இயந்திரம் (மெல்லிய கம்பியின் மின்பொறியால் வெட்டுவது) எளிதில் கிடைக்கும்.

வெட்டுவதற்கு முன்பே மாண்ட்ரல் நுழைந்த முகத்தில் அடையாளம் போடுங்கள். நுழைமுகத்தில் அமுக்கம் பொதுவாகக் குறைவு. எந்தப் பக்கம் எது என்று பிறகு தெரியாவிட்டால் அளந்தும் பயனில்லை.

வெட்டுதான் உயிர். துண்டும் கிளாம்பும் தொட்டித் தண்ணீரின் வெப்பநிலைக்கு வந்த பிறகே இறுக்குங்கள். துளை மையத்தின் வழியே போகும் வெட்டுக்கோட்டின் இரு பக்கமும், கோட்டை ஒட்டி, சமச்சீராகப் பிடிக்க வேண்டும். 0.25 மி.மீ. பித்தளை வயர், ஃபினிஷிங் அமைப்பு, ஒரே ஓட்டம். இரண்டாம் ஓட்டம் விட்டால், தகைவு விடுபட்டு எழுந்த மேடுபள்ளத்தையே சீவிவிடுவீர்கள். பிடி தளர்ந்து வெட்டின் இரு பக்கமும் சமமாக விரிந்தாலோ நெருங்கினாலோ வரும் பிழை இரு முகத்திலும் ஒரே மாதிரி பதியும். சராசரி எடுத்தாலும் போகாது.

வெளியே 32 டிகிரி, சி.எம்.எம். (முகத்தைப் புள்ளி புள்ளியாக அளக்கும் இயந்திரம்) அறையில் 20. கொண்டுபோனதும் துண்டு குளிர்ந்து சுருங்கும். துடைத்து, இரவு முழுக்க விட்டு, மறுநாள் அளங்கள். துளையருகே 0.2 மி.மீ. இடைவெளி, தள்ளிப் போகப் போக அகலமாக்கலாம். ஒரு முகத்தைக் கண்ணாடிபோல் திருப்பி மற்றதோடு சராசரி எடுத்து, ஸ்ப்லைனால் (வழுவழுப்பான வளைவால்) மென்மையாக்கி, குறியை (+/−) மாற்றி எஃப்.ஈ. (துண்டைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி) மாதிரியில் இடப்பெயர்ச்சியாகக் கொடுங்கள் (2024 அலுமினியத்துக்கு யங் குணகம் 73 ஜி.பி.ஏ.). அதிகம் மென்மையாக்கினால் துளையோரச் செங்குத்துச் சரிவு மழுங்கிவிடும்.

வரைபடத்தில் அமுக்கமும் இழுவிசையும் சமன்படுவதைக் கண்டு மகிழ வேண்டாம்; மாதிரியே அதைச் சமன்படுத்திவிடும். உண்மையான சோதனை வேறு: வெட்டிய ஒரு பாதியிலிருந்து அதே அமைப்பில் 2 மி.மீ. சீவல் எடுங்கள். அந்த முகம் தட்டையாக இருக்க வேண்டும். அதிலும் மேடு தெரிந்தால் அது இயந்திரத்தின் கைவரிசை.

துளை விளிம்பின் கடைசி அரை மி.மீ. எண்களை நம்பாதீர்கள். அங்கே எக்ஸ்-கதிர் அளவையே எழுதுங்கள். ஆனால் அதைத் துண்டை வெட்டுவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும்.