ஹேர்மிஸ் மூழ்கிய காலையை ஓவியமாகத் தீட்டும் முறை

1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு இரையான பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸை வரைய முற்படுவோர் பெரும்பாலும் புகையிலும் நெருப்பிலுமே தொடங்குகிறார்கள். நானும் முதன்முறை அப்படித்தான் தொடங்கினேன். போதாததற்குக் கப்பலின் மேற்றளத்தில் ஆறேழு விமானங்களையும் வரிசையாக நிறுத்திவைத்தேன். அன்று அந்தக் கப்பலில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை என்பதைப் பின்னர் படித்தறிந்ததும் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி வைத்தேன். கடற்போர் ஓவியத்தில் பாதிக்கு மேற்பட்ட வேலை தூரிகையைத் தொடுமுன்பே முடிந்துவிட வேண்டும்.

முதலில் நடந்ததை அறிந்துகொள்ளுங்கள். திருகோணமலை தாக்கப்படக்கூடும் என்ற எச்சரிக்கையால் ஹேர்மிஸும் அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வம்பயரும் முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டுக் கரையோரமாகத் தெற்கே வந்தன. ஹேர்மிஸின் விமானங்கள் தரையிலேயே விடப்பட்டிருந்தன. காலையில் ஜப்பானிய வேவு விமானம் ஒன்று கண்டுவிட, இரண்டு கப்பல்களும் திருகோணமலையை நோக்கித் திரும்பின. பாதுகாப்புக்கு விமானங்கள் வந்துசேருமுன், பத்தரை மணி கடந்தபோது தாக்குதல் தொடங்கிவிட்டது. சுமார் 20 நிமிடங்களில் ஹேர்மிஸ் மூழ்கியது. கப்டன் ரிச்சர்ட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தனர். வம்பயரும் தப்பவில்லை.

இந்த 20 நிமிடங்களில் எந்த நிமிடத்தை வரையப்போகிறீர்கள் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் கப்பல் நிமிர்ந்து விரைகிறது. கப்பலின் முன்முனையான அணியத்தில் வெண்ணுரை கிளம்புகிறது, பின்னே வளைந்த தடம் நீள்கிறது. முடிவில் வேகம் செத்து, இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. நுரைக்கு அங்கே இடமில்லை. சாய்ந்த கப்பலுக்கு அணியத்தில் நுரை போட்ட படங்களை நான் பார்த்திருக்கிறேன். கப்பலை அறிந்தவர் கண்ணில் முதலில் படுவது அந்தப் பிழைதான்.

அடுத்தது நீங்கள் நிற்கும் இடம். மூத்த வில்லெம் வான் டி வெல்டே என்னும் டச்சு ஓவியர் 1666இல் ஆங்கிலேயருடன் நடந்த நான்கு நாட் கடற்போரைச் சிறு கப்பலொன்றில் இருந்தபடி நேரிற் பார்த்துக் கோட்டோவியங்களாகப் பதிந்துகொண்டார். நமக்கு அந்த வாய்ப்பில்லை. ஆனால் அப்படியொரு படகை மனத்தில் மிதக்கவிட்டு அதில் ஏறிக்கொள்ளலாம். கப்பல் இன்று கரையிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீற்றர் தொலைவில், 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. அதன் நீளம் 183 மீற்றர். மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் நின்று பார்த்திருந்தால், நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலத்துக்கு மேல் அது தெரிந்திருக்காது. ஒரு கிலோமீற்றர் தொலைவில் மிதக்கும் படகிலிருந்து பார்த்தால் அதே கப்பல் நீட்டிய கையின் முட்டியளவு அகலம் தெரியும். ஓவியத்துக்கு அது பொருத்தமான தூரம்.

அந்தப் படகு கப்பலுக்குக் கடற்பக்கத்தில் மிதக்கிறதா, கரைப்பக்கத்தில் மிதக்கிறதா? படத்தின் முழு அமைப்பும் இந்தக் கேள்விக்கான விடையில் தங்கியிருக்கிறது. வடக்கு நோக்கிய கப்பலைக் கடற்பக்கமிருந்து பார்த்தால் வலப்பக்கம் தெரியும். ஹேர்மிஸின் கட்டளைக் கோபுரமும் மூன்று கால்களுடைய கொடிமரமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பின்னணியில் எங்கள் கரையும் வரும். ஆனால் கப்பல் சாயும்போது தளம் உங்களுக்கு மறைந்து, வெறும் இரும்புச் சுவரே மிஞ்சும். கரைப்பக்கமிருந்து பார்த்தால் தென்னைகள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பதிலாக, சுளகைச் சாய்த்துப் பிடித்ததுபோல் மேற்றளம் முழுவதும் உங்களை நோக்கி விரியும், கோபுரம் அதன் மேல்விளிம்பில் நிற்கும். நான் இரண்டாவதையே விரும்புகிறேன். மட்டக்களப்பு படத்தில் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவோர் முதலாவதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அளவில் கட்டுப்பாடு வேண்டும்.

அந்த அளவைக் கணக்கிட்டே பார்ப்போம். 60 சென்ரிமீற்றர் அகலமான தாளில் கப்பலுக்கு 24 சென்ரிமீற்றர் ஒதுக்கினால், ஒரு சென்ரிமீற்றர் ஏறத்தாழ ஏழரை மீற்றரைக் குறிக்கும். கப்பலருகே பறக்கும் விமானத்தின் இறக்கை வீச்சு இரண்டு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. மனிதன் இரண்டு மில்லிமீற்றர். பத்துக் கிலோமீற்றர் தள்ளியுள்ள பாலமீன்மடுக் கலங்கரை விளக்கம், 28 மீற்றர் உயரமானதாயினும், நான்கு மில்லிமீற்றரை எட்டாது. தென்னை வரிசை அதிலும் குறைவு. படகிலிருந்து பார்ப்பவருக்கு மணற்கரை அடிவானத்தின் கீழ் மறைந்துவிடும் என்பதால் மஞ்சள் நிறத்தில் மணற்கோடு போடாதீர்கள். கடலின் மேல் சாம்பல்பச்சையில் ஒரு மெல்லிய கீற்றே போதும்.

ஒளியைப் பொறுத்தவரை எங்கள் ஊர்க்காரருக்கு ஒரு வசதி உண்டு: அன்றைய சூரியனை இன்றும் போய்ப் பார்க்கலாம். ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டி மட்டக்களப்பில் நண்பகற் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேராக நிற்கும். தாக்குதல் நேரத்தில் அது கிழக்கே சுமார் 60 பாகை உயரத்தில் இருந்திருக்கும். அந்த நாட்களில் முற்பகல் பத்து மணிபோல் கடற்கரையில் ஒரு வள்ளத்தின் அருகே நின்று, நிழல் எங்கே விழுகிறது, வள்ளத்தின் நிழற்பக்கத்தில் கடலின் நீலம் எப்படிப் பிரதிபலிக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கரைப்பக்கப் பார்வையில் ஹேர்மிஸின் இடப்பக்கச் சுவர் நிழலில் இருக்கும், தளம் வெயிலில் வெளுத்திருக்கும். இந்த வேறுபாடுதான் படத்தைத் தாங்கும். அல்ட்ராமரின் நீலத்துடன் பேர்ண்ட் சியன்னா என்னும் செம்பழுப்பைக் கலந்தால் அந்த நிழலுக்கேற்ற சாம்பல் கிடைக்கும். கறுப்பு ரியூப்பைத் திறக்கத் தேவையில்லை. சூரியன் அவ்வளவு உயரத்தில் இருக்கும்போது நீரின் மினுக்கம் பார்ப்பவரின் அருகிலேயே சிதறும். விடியற்காலைப் படங்களில் போல அடிவானம்வரை தங்கப் பாதை போடுவது தவறு.

கச்சான் காற்று இன்னும் எழாத காலம் என்பதால் கடலைக் கொந்தளிக்கவிட வேண்டாம். கரையருகே காணும் பச்சையைக் குறைத்து, ஆழ்கடலின் கருநீலத்தைப் பரப்புங்கள். ஈரப்பதன் மிகுந்த எங்கள் காலநிலையில் நீர்வண்ணத் தாள் நெளியும். முன்கூட்டியே நனைத்துப் பலகையில் ஒட்டிக் காயவைத்துக்கொள்ளுங்கள்.

தாக்கியவை ஐச்சி வகைக் குத்துக்குண்டு விமானங்கள். அவற்றின் சக்கரங்கள் உள்ளே மடங்குவதில்லை; உறையிட்ட கால்கள்போல் வெளியே தொங்கும். இதை மறந்து, மடங்கும் சக்கரங்களையுடைய சீரோ விமானங்களை வரைந்துவிடுவது வழக்கம். செங்குத்துக்கு நெருங்கிய கோணத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குமாறு மூன்று நான்கை மட்டும் வரைந்தாலே போதும். குறிதவறிய குண்டுகள் எழுப்பும் நீர்த்தூண்களின் அடி அகன்றும் அழுக்கேறியும், நுனி கிழிந்தும் வெளுத்தும் இருக்கும். தூரிகையை ஈரமின்றித் தாளின் மேல் இழுத்தால் அந்தக் கிழிசல் தானாக வரும். விமானமொன்றிலிருந்து எடுக்கப்பட்ட, ஹேர்மிஸ் மூழ்கும் புகழ்பெற்ற நிழற்படம் கறுப்பு வெள்ளையானது. வடிவத்துக்கும் சாய்வுக்கும் அதை நம்பலாம், நிறத்தை அதில் தேட முடியாது. போருக்கு முந்திய படங்களையும் அதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மனிதர்களை இறுதியில் சேர்க்கிறேன். இரண்டு மில்லிமீற்றரில் முகம் வரையமுடியாது; தளத்தின் உயர்ந்த விளிம்பில் சில புள்ளிகள், நீரில் சில கருந்தலைகள், அவ்வளவே. சுமார் 600 பேரைக் காப்பாற்றிய வீற்றா என்னும் மருத்துவமனைக் கப்பலை அதே படத்தில் சேர்க்க ஆசை வரும். குண்டுவீச்சும் மீட்பும் ஒரே நிமிடத்தில் நிகழவில்லை ஆகையால் அதற்கு வேறொரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் பின்புறத்தில் பென்சிலால் திகதியையும், நீங்கள் தேர்ந்த நிமிடத்தையும், பார்வைத் திசையையும், 307 என்ற எண்ணையும் எழுதிவிட்டுச் சட்டத்துக்குக் கொடுங்கள்.