பழைய ஆங்கிலேய உடை: ஆண்டைக் கேட்டுவிட்டு அங்கியைத் தையுங்கள்

கல்லூரி ஆண்டு விழாவில் ஷேக்ஸ்பியர் நாடகம் என்றால் உடையைப் பார்த்தே பாதி சிரிப்பு வந்துவிடும். கதாநாயகி கூண்டு வைத்த பாவாடையில் வருவாள். அவளுடைய தந்தை தோள்வரை சுருண்டு விழும் பொய்முடி வைத்திருப்பார். காதலன் கழுத்தில் கஞ்சி போட்ட விசிறி மடிப்புக் கழுத்துப்பட்டை இருக்கும். அந்தக் கழுத்துப்பட்டை மட்டும்தான் ஷேக்ஸ்பியர் கண்ணால் கண்டது. அவர் இறந்தது 1616-இல். பொய்முடி இங்கிலாந்து ஆண்களிடம் பரவியது 1660-களில். இரும்பு வளையக் கூண்டு வந்ததோ 1850-களில். மேடையில் மூன்று நூற்றாண்டுகள் ஒன்றையொன்று கட்டித் தழுவிக்கொண்டிருக்கும்.

நாடகம் போடுகிறவர்கள் மட்டும் விழும் குழி இல்லை இது. சரித்திரக் கதை எழுதுகிறவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் அட்டைப்படம் வரைகிறவர்களும் விழுகிறார்கள். ‘அந்தக் காலத்து வெள்ளைக்காரர் உடை’ என்று ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுவதுதான் முதல் தவறு. ‘ஜார்ஜியன் காலம்’ என்ற ஒரு பெயரே 1714 முதல் 1830 வரை நான்கு ஜார்ஜ் மன்னர்களை உள்ளடக்கியது. 1740-களில் அரசவைக்குப் போன சீமாட்டியின் பாவாடை இரு பக்கமும் விரிந்து ஏறக்குறைய ஆறடி அகலம் இருக்கும். 1810-இல் அவளுடைய பேத்தி மார்புக்குக் கீழே இறுக்கிய, கால்வரை நேராக விழும் மெல்லிய வெள்ளை மஸ்லினில் நிற்பாள். இரண்டும் ஜார்ஜியன்தான். எட்டாம் ஹென்றி மன்னருக்கு விசிறிக் கழுத்துப்பட்டை மாட்டி வரைகிறவர்களும் உண்டு. அவர் 1547-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். கழுத்துப்பட்டைக்குக் கஞ்சி போடும் கலை பிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) பெண்கள் வழியாக லண்டனுக்கு வந்ததே 1560-களில்தான். ஆகவே முதல் கேள்வி எப்போதும் ஆண்டு. அடுத்தது யார், எந்தச் சமயத்தில் என்பது.

சரி, ஆண்டு தெரிந்துவிட்டது. அந்த ஆண்டில் வரைந்த ஓவியத்தைப் பார்த்துத் தைத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நன்றாகப் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். தாமஸ் கெய்ன்ஸ்பரோ வரைந்த ‘நீலச் சிறுவன்’ ஓவியத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பளபளக்கும் நீல சாட்டின் சட்டை, முழங்கால்வரை கால்சட்டை, சரிகைப் பின்னல் வைத்த அகன்ற கழுத்துப்பட்டை, கையில் இறகு வைத்த தொப்பி. ஓவியம் 1770-ஐ ஒட்டியது. ஆனால் 1770-இல் லண்டன் தெருவில் எந்தப் பையனும் அப்படி நடந்திருக்க மாட்டான். அது சுமார் 140 ஆண்டுகளுக்கு முன் வான் டைக் என்ற ஓவியர் முதலாம் சார்லஸ் மன்னரின் அவையை வரைந்த காலத்து உடை. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தக் கோலத்தில் படம் வரைந்துகொள்வது ஒரு மோகமாகவே இருந்தது. ஸ்டூடியோவில் ராஜா வேஷம் போட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வதைப் போல. நீலச் சிறுவனை வைத்து 1770-ஆம் ஆண்டுக்கு உடை தைப்பவர், அந்தப் புகைப்படத்தை நம்பி நம் தாத்தாவை அரச வம்சம் என்பவருக்குச் சமம். இரண்டாம் சார்லஸ் காலத்தில் பீட்டர் லெலி வரைந்த சீமாட்டிகளும் இப்படித்தான்: தோளிலிருந்து நழுவும் பட்டைப் போர்த்தி, ஊசி நூல் தொடாத உடையில் இருப்பதுபோல் சாய்ந்திருப்பார்கள். ஓவியனின் கற்பனைக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

ஓவியத்தை விட்டுவிட்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் அசல் உடையையே பார்த்தால்? அது இன்னும் சுவாரசியமான பொறி. லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதி பட்டு நெசவுக்குப் பேர்போனது. அங்கே அன்னா மரியா கார்த்வெய்ட் என்ற பெண்மணி 1720-கள் முதல் 1750-கள் வரை நெசவாளர்களுக்குப் பூவேலை மாதிரிகள் வரைந்து கொடுத்தார். பல தாள்களில் ஆண்டும் நெசவாளர் பெயரும் குறித்திருக்கிறார். அவை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருப்பதால், சில பட்டுகளை இன்ன ஆண்டில் நெய்தது என்று சுட்டிச் சொல்லவே முடிகிறது. துணியின் வயது அப்படித் தெரியும். அங்கியின் வயது? அன்று பட்டுதான் விலை, தையல்கூலி அற்பம். அதனால் தையல்காரி துணியை முடிந்தவரை வெட்டாமல், முழு அகலத்துக்கு மடிப்பு மடிப்பாக அடுக்கி, பாவாடை நீளத்துக்கு நீள நீளமான ஓட்டுத் தையல் போடுவாள். நாளை பிரித்துவிடத்தான். 1740-களில் நெய்த பட்டு மகளிடம் போய் 1780-களில் இடுப்பு ஒட்டிய வேறொரு அங்கியாக மாறியிருக்கும். அருகில் நின்று பார்த்தால் பழைய மடிப்பின் கோடும், பிரித்த தையலின் ஊசித்துளைகளும் தெரியும். நம் வீட்டில் அம்மாவின் பட்டுப்புடவை மகளின் பாவாடை ஆவதில்லையா? பூவைப் பார்த்து ஆண்டு சொல்லாதீர்கள், தையலைப் பாருங்கள்.

சட்டத்தை அப்படியே நம்புவது அடுத்த தவறு. யார் எதை உடுத்தலாம் என்று இங்கிலாந்தில் சட்டங்கள் இருந்தன. 1363-ஆம் ஆண்டுச் சட்டப்படி உழவனும் மாட்டிடையனும் முரட்டுக் கம்பளித் துணிக்கு மேல் ஆசைப்படக் கூடாது. கைவினைஞரின் மனைவி ஆட்டுக்குட்டி, முயல், நரி, பூனை ஆகியவற்றின் மென்மயிர்த் தோல் மட்டுமே அணியலாம். (பூனை! படித்தபோது எங்கள் வீட்டுப் பூனையை ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.) இதைப் படித்துவிட்டு ‘உழவர்கள் பட்டைத் தொட்டதே இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சட்டம் இரண்டு ஆண்டுக்குள் ரத்தாகிவிட்டது. பிறகு வெவ்வேறு மன்னர்கள் அதே பாணியில் திரும்பத் திரும்பச் சட்டம் போட்டு, 1604-இல் எல்லாவற்றையும் கைவிட்டார்கள். ஒரே தடையை இத்தனை முறை போட வேண்டியிருந்தது என்றாலே, மக்கள் அதை எந்த அளவுக்கு மதித்தார்கள் என்பது விளங்கும்.

இந்தத் தவறு நம் கரையையும் தொடுகிறது. சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏற்றி, கையால் எழுதிய சீட்டித் துணி பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் பெண்களைக் கிறங்கடித்தது. துவைத்தாலும் சாயம் போகாத பருத்தியை அவர்கள் அதற்குமுன் அறிந்ததில்லை. உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தார்கள். 1719-இல் சீட்டி உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்து உடையைக் கிழித்தார்கள். இந்தியாவிலிருந்து வரும் அச்சிட்ட, எழுதிய துணிகளுக்கு 1701 முதலே தடை இருந்தது. 1722 கிறிஸ்துமஸ் முதல் அச்சிட்ட பருத்தியை உடுத்துவதே குற்றம், 5 பவுன் அபராதம். இங்கிலாந்திலேயே நெய்து அச்சிட்ட பருத்திக்கு 1774-இல்தான் இந்தத் தடை நீங்கியது. ஆக, 1740-இல் நடக்கும் கதையில் நாயகிக்குச் சீட்டி அங்கி உடுத்தலாமா? தாராளமாக, கள்ளக்கடத்தலில் வந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் அவள் அதை உடுத்திக்கொண்டு நெசவாளர் தெருவில் சர்வ சாதாரணமாக நடந்துபோவதாக எழுதாதீர்கள்.

சில தவறுகளை ஓரிரு வரியில் முடித்துவிடலாம். இடைக்கால மக்கள் எல்லோரும் சேற்று நிறத்தில் திரியவில்லை. வோட் செடியின் நீலமும் மஞ்சிட்டி இனத்து வேரின் சிவப்பும் வெல்ட் செடியின் மஞ்சளும் அன்றே இருந்தன. பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர் அன்றாடம் கறுப்பில் நடந்தவர்களும் அல்லர்; ஆழ்ந்த கறுப்பு ஏற்றுவது செலவுபிடித்த வேலை. அவர்கள் தொப்பியில் பக்கிள் வைத்தது பிற்காலப் படக்காரர்களின் கைங்கரியம். பதினெட்டாம் நூற்றாண்டுப் பெண்களின் உயர்ந்த கொண்டை பெரும்பாலும் சொந்த முடி. திண்டு வைத்து, கொழுப்புப் பூசி, மாவு தூவி எழுப்பியது. அந்த மாவுக்கு 1795-இல் ஆண்டுக்கு ஒரு கினி (ஒரு பவுனுக்குச் சற்று மேல்) வரி போட்டதும் மோகம் தணிந்தது. வெள்ளைக் கல்யாண அங்கியை வழக்கமாக்கியது விக்டோரியாவின் 1840 திருமணம். நாம் இங்கே பேசும் 1830-க்கு முந்தைய காலத்துக்குள் அது வராது.

உள்ளுடையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மேடையில் உடை தவறாக விழுவது அதனால்தான். பெண்கள் எலும்புக்கூடு தெரியும்படி இறுக்கிக் கட்டி மயங்கி விழுந்தார்கள் என்ற கதை வேறு நூற்றாண்டைச் சேர்ந்தது. ஜார்ஜியன் காலத்து ‘ஸ்டேஸ்’ என்ற கச்சில் நாடாத் துளைகள் கையால் நூல் சுற்றித் தைத்தவை. உலோக வளையங்கள் வந்தது 1820-களில். அதற்குமுன் வெறியோடு இழுத்தால் துளைதான் கிழியும். கச்சின் வேலை முதுகை நிமிர்த்தி, மேல் அங்கிக்குச் சுருக்கமில்லாத தளம் தருவது. வயலில் குனிந்த பெண்களும் அதைக் கட்டிக்கொண்டுதான் குனிந்தார்கள். அரசியல் துண்டறிக்கைகளால் புகழ்பெற்ற தாமஸ் பெய்ன் இளமையில் கற்ற தொழிலே கச்சு தைப்பது. கச்சில்லாமல் அங்கியை மட்டும் தைத்து மாட்டினால், எவ்வளவு விலை உயர்ந்த துணியானாலும் மாறுவேடப் போட்டி போலத்தான் தெரியும்.

பாவாடையில் பை தைக்காதீர்கள். நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப் பையின் உறவுக்காரிதான் அங்கே இருந்தது: நாடா கோத்த தனிப் பை, பாவாடைக்கு உள்ளே இடுப்பில் கட்டியது. பாவாடையின் பக்கப் பிளவு வழியாகக் கையை விட்டுச் சில்லறை எடுப்பாள். முன்பக்கத்தை மூடப் பெரும்பாலும் பித்தானும் காஜாவும் கிடையாது. கச்சின் முன்னே முக்கோணத் துணி ஒன்றை வைத்து, அங்கியின் இரு ஓரங்களையும் அதன்மேல் இழுத்து, வெறும் குண்டூசியால் வரிசையாகக் குத்திவிடுவார்கள். தினமும் காலையில் குத்தி இரவில் எடுப்பது. கச்சு தடிமனாக இருப்பதால் முனை உடம்பைத் தொடாது. உங்கள் நாயகிக்கு முதுகில் ஜிப் வைத்து, அதை மறைக்கத் தோளில் சால்வை போர்த்தி அனுப்ப வேண்டாம். முன்பக்கத்துக்கு இருபது குண்டூசி போதும்.