கொல்லிமலை அருவிகளுக்குத் தனியாக பைக்கில்

நாமக்கல்லிலேயே டேங்கை நிரப்பி, டயர் காற்றைப் பாருங்கள். காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வெளிச்சத்திலேயே கடந்துவிட வேண்டும்.

ஏறும்போது வளைவுக்கு முன்பே கியரைக் குறையுங்கள். நடு வளைவில் மாற்றினால் வண்டி திணறி நின்றுவிடும். இறங்கும்போதுதான் உண்மையான ஆபத்து. இரண்டாம் கியரில், தேவைப்பட்டால் முதல் கியரில், ஆக்சிலரேட்டரை விட்டு, இன்ஜினே வேகத்தைக் குறைக்கும் பிடிப்பிலேயே இறங்குங்கள். பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடேறி, கருகிய வாடை வரும், பிறகு பிடிக்காது. வாடை வந்தால் ஓரங்கட்டி 15 நிமிடம் ஆறவிடுங்கள். நியூட்ரலில் உருட்டவே கூடாது.

ஆகாய கங்கை அருவிக்கு அறப்பளீசுவரர் கோயில் அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறக்கம் சுலபம், ஏற்றம்தான் தொடையைக் கடைந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீர், உப்புக்கடலை, பிடிமானமுள்ள செருப்பு போதும். பாசிபடிந்த படியில் ஓரமாகக் கால் வைக்காதீர்கள். தண்ணீர் திடீரெனக் கலங்கி, சருகு மிதந்து வந்தால் மேலே மழை, உடனே வெளியேறுங்கள். முழங்கால் வலி இருந்தால் மாசிலா அருவியே நல்லது, நடை குறைவு.